இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்: போலி அறிவியலைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

2024 மார்ச் மாதம். பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடந்த நேரம். ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். நல்ல தமிழில் பேசினார். ஊரைக் கேட்டால் திருப்பத்தூர் பக்கம் என்றார். அதிலேயே அத்தைக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.)

சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் மெஷினில் வடிகட்டிய தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீரில் முதலில் பச்சையாகப் புகைபோல் ஏதோ இறங்கியது. பிறகு பழுப்பானது. கொஞ்ச நேரத்தில் சாக்கடை நிறத்தில் நுரைத்து நின்றது. பக்கத்து டம்ளர் வைத்தது வைத்தபடி தெளிவாக இருந்தது.

"இதைத்தாம்மா இத்தனை வருஷமா குடிக்கிறீங்க" என்றார். கையில் ஒரு வண்ண அட்டை வைத்திருந்தார்: பச்சை என்றால் இந்த நச்சு, கறுப்பு என்றால் அந்த உலோகம். மெஷின் விலை 1,20,000 ரூபாய். அதில் வரும் காரத் தண்ணீர் சர்க்கரையைக் குறைக்குமாம், மூட்டுவலியைப் போக்குமாம், உடம்பின் அமிலத்தை வெளியேற்றுமாம். அத்தைக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். அறிவியல் படித்தது பன்னிரண்டாம் வகுப்போடு சரி. அன்றைக்கு நடந்ததையும் அடுத்த ஒரு வாரம் வீட்டில் நாங்கள் செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போலி அறிவியலிடம் கருவி இருக்கும், வெள்ளைக் கோட்டு இருக்கும், எண்களும் இருக்கும். ஆனால் தான் தோற்றுப்போகக்கூடிய ஒரு சோதனைக்கு அது வந்து நிற்காது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சோதனையைத் தேடிப் போகிற வழிகள்தான்.

முதல் படி: சொல்வதை ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

பேனாவும் தாளும் எடுங்கள். "உடம்புக்கு நல்லது", "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்", "நச்சை நீக்கும்" போன்றவற்றை எழுதிப் பார்த்தாலே அதில் பிடிமானம் இல்லை என்று தெரியும். எந்த நச்சு? முன்னால் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு ஆனது? குவாண்டம், நானோ, அதிர்வு, எனர்ஜி என்று வந்தால் எந்த அலகில் அளந்தார்கள் என்று கேளுங்கள். இயற்பியலில் ஆற்றலுக்கு ஜூல் என்ற அலகு இருக்கிறது. அளந்தவர் அதைச் சொல்லிவிடுவார்.

எங்கள் விருந்தாளி சொன்னதை இப்படிப் பிழிந்ததில் இரண்டு வாக்கியங்கள் மிஞ்சின. ஒன்று: டம்ளரில் வந்த பழுப்பு, எங்கள் தண்ணீரில் ஏற்கெனவே இருந்த அழுக்கு. இரண்டு: இந்த மெஷின் தண்ணீரை ஒரு வாரம் குடித்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறையும். இரண்டையும் சோதிக்க முடியும். சோதிக்கிற அளவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், வந்தவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இரண்டாம் படி: இது தவறாக இருந்தால் என்ன தெரியும்?

எல்லாப் படிகளிலும் எனக்கு இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பழுப்பு நம் தண்ணீரின் அழுக்கு என்பது அவர் விளக்கம். அதே காட்சிக்கு வேறு விளக்கம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். கருவியில் இருந்தவை இரும்பு, அலுமினியக் கம்பிகள். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து, பச்சையும் பழுப்புமான இரும்பு ஹைட்ராக்சைடாகப் பிரியும். சுருக்கமாகச் சொன்னால் துரு. அவர் மெஷின் தருவது போன்ற ஆர்ஓ தண்ணீரில் (சவ்வு வழியே வடிகட்டி உப்புகளை நீக்கிய தண்ணீர்) உப்பு மிகக் குறைவு, மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. இந்த விளக்கத்திலும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகும், மெஷின் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆகவே அவர் காட்டிய டெமோ இரண்டு விளக்கங்களையும் பிரிக்கவே இல்லை.

பிரிக்கிற சோதனை எது? மெஷின் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட வேண்டும். அழுக்கு என்ற விளக்கம் சரி என்றால், நாம் தினமும் சாப்பிடும் அந்த உப்பால் டம்ளர் சாக்கடையாகக் கூடாது. துரு என்ற விளக்கம் சரி என்றால் ஆகும்.

"அண்ணா, உங்க தண்ணியிலேயே கொஞ்சம் உப்பு போட்டு இறக்குங்களேன்" என்றேன். தயங்கினார், ஆனால் செய்தார். குழாய்த் தண்ணீரைவிட வேகமாக, அதைவிடக் கறுப்பாக ஆனது. அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை, உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் நம்பித்தான் வந்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதிரில் இருப்பவர் நல்லவரா என்று பார்ப்பதும், அவர் சொல்வது சரியா என்று பார்ப்பதும் இரண்டு தனி வேலைகள்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, இரண்டு ஒயர் போதும். ஆர்ஓ தண்ணீரில் ஒருமுறை, அதே தண்ணீரில் உப்பு போட்டு ஒருமுறை. ஜன்னலைத் திறந்துவைத்துச் சில நிமிடங்கள் மட்டும் விடுங்கள். ஆணிகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது.

ஒரு கொள்கை எந்தக் கண்டுபிடிப்பால் தோற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும் என்பது தத்துவவாதி கார்ல் பாப்பர் வலியுறுத்திய கருத்து. அவரை உலுக்கியது 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணம். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) வளையும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. நியூட்டன் வழியில் போனால் அதில் பாதி. கிரகணத்தன்று எடுத்த படங்களில் பாதிதான் வந்திருந்தால் ஐன்ஸ்டைன் தோற்றிருப்பார். தோற்க இடம் விட்டுத்தான் அவர் அந்த எண்ணைச் சொன்னார்.

மூன்றாம் படி: ஒப்பிட்டுப் பாருங்கள், முழுப் பேரேட்டையும் பாருங்கள்

உப்பு விஷயத்துக்குப் பிறகும் அத்தை விடவில்லை. "நிறம் போகட்டும்மா, சர்க்கரை குறையுதான்னு பார்ப்போம்" என்றார். ஒரு வாரம் இலவசமாக வைத்துப் பார்க்கலாம் என்று மெஷினை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் நாள் வெறும் வயிற்றில் 172. ஏழாம் நாள் 148. வீடே மகிழ்ந்தது.

நான் அத்தையின் பழைய நோட்டை எடுத்தேன். முந்தைய இரண்டு மாதங்களில் 181, 150, 166, 143, 170 என்று ஏறி இறங்கி வந்திருந்தது. மெஷின் கிடையாது, அதே மாத்திரைகள்தான். சர்க்கரை அளவின் இயல்பே அது. எண் உயரத்தில் நிற்கும்போதுதான் நாம் பயந்து ஒன்றைத் தொடங்குகிறோம். உயரத்தில் இருந்தது எதுவும் செய்யாவிட்டாலும் தன் வழக்கமான இடத்துக்கு இறங்கி வரும். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் சளிக்கும் இதே கதைதான். போதாததற்கு, சோதனை நடக்கிறது என்பதாலேயே அந்த வாரம் அத்தை இனிப்பைத் தொடவில்லை, சாயங்காலம் நடக்கவும் போனார்.

சர்க்கரை உண்மையில் கட்டுப்பட்டதா என்று பார்க்க எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஒரு வாரத்துக் கதையை அதில் எழுத முடியாது.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேறு மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்தவர்கள் சட்டென்று தேறினார்கள். எல்லோருக்கும் எலுமிச்சையே கொடுத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மற்ற பத்துப் பேர்தான் அந்தச் சோதனையின் உயிர்.

"எங்க பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் குணமாச்சு" என்ற சாட்சியங்களில் அந்தப் பத்துப் பேர் இருக்கவே மாட்டார்கள். கணக்கு வேலை பார்ப்பதால் எனக்கு இது உடனே உறுத்தும்: வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாத பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார். குணமாகாதவர்கள் வீடியோவில் வந்து பேசுவதில்லை. எத்தனை பேர் குடித்தார்கள், எத்தனை பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அந்த விற்பனையாளர் போகிற போக்கில் "மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்மா" என்றார். அங்கே நான் குரலை உயர்த்தினேன். காரத் தண்ணீர் தன்னளவில் பெரிய தீங்கு செய்யாமல் போகலாம், நிறுத்தின மாத்திரை அப்படி விடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் எதற்கும் மேற்கொண்டு சோதனை வேண்டாம், அங்கேயே கதவைச் சாத்திவிடுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட ஒரு நீண்ட நோய்ப் பட்டியலுக்குக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது.

நான்காம் படி: எது எது என்று தெரியாமல் சோதியுங்கள்

அத்தைக்கு இன்னொரு உறுதி: "குடிச்சாலே தெரியுது, லேசா இருக்கு." சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம்.

ஒரே மாதிரி எட்டு எவர்சில்வர் டம்ளர்கள். நான்கில் மெஷின் தண்ணீர், நான்கில் எங்கள் பழைய ஃபில்டர் தண்ணீர். இரண்டையும் முதல் நாள் இரவே பாத்திரங்களில் பிடித்து ஒரே அறையில் வைத்ததால் சூடு ஒன்றுதான். டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்தது என் மகன். ஊற்றிவிட்டு அவன் அறையைவிட்டுப் போய்விட்டான். பரிமாறிய எனக்கும் எது எது என்று தெரியாது. இது முக்கியம். தெரிந்திருந்தால் என் கண்ணோ கையோ காட்டிக் கொடுத்துவிடும். நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று பேர்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் உடலசைவைப் பார்த்துத்தான் காலைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் கண்டுபிடித்தார்கள். விடை தெரியாதவர் கேட்டால் குதிரைக்கும் தெரியவில்லை.

எட்டில் நான்கை "இதுதான் மெஷின் தண்ணீர்" என்று அத்தை எடுத்து வைக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. வெறும் அதிர்ஷ்டத்தில் நான்கும் சரியாக வர 70-இல் 1 வாய்ப்புதான். புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் தேநீரை வைத்து விளக்கிய முறை இது.

அத்தை மூன்றைச் சரியாக எடுத்தார். "பார்த்தியா!" என்று அவர் முகத்தில் வந்த பெருமையை இன்னும் மறக்கவில்லை. நான் கணக்கைப் போட்டேன். மூன்றோ நான்கோ சரியாக வர, ஒன்றுமே தெரியாதவருக்கும் 70-இல் 17 வாய்ப்பு இருக்கிறது. நால்வரில் ஒருவருக்கு அதிர்ஷ்டத்திலேயே வந்துவிடும். "அப்போ இன்னொரு தடவை வெச்சுக்கலாம்" என்று அவரேதான் சொன்னார். சாயங்காலம் மறுபடி வைத்தோம். இரண்டு சரி. குருட்டாம்போக்கில் எடுத்தாலும் அதிகமாக வரக்கூடிய விடை இரண்டுதான்.

எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். நாங்கள் நான்கு சரி என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தோம். எழுதாமல் விட்டிருந்தால் மூன்றிலேயே முடித்துக்கொண்டு எழுந்திருப்போம்.

கையால் தொடாமல் உடலின் ஆற்றலை உணர்ந்து குணப்படுத்துகிறோம் என்பவர்களை அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி இப்படித்தான் சோதித்தாள். ஒரு அட்டைத் தடுப்பு, அதற்குப் பின்னால் அவள் கை. தங்கள் இரு கைகளில் எந்தக் கைக்கு மேல் அவள் கை இருக்கிறது என்று அப்படிப்பட்ட 21 பேர் 280 முறை சொன்னதில் 44 சதவீதம்தான் சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலே பாதி வந்திருக்கும். 1998-இல் அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

ஐந்தாம் படி: "ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்" என்றால்

எந்த இதழ், எந்த ஆண்டு, எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா, பணம் யாருடையது என்று கேளுங்கள். இதழின் பெயர் மட்டும் போதாது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயம் 1998-இல் லான்செட் என்ற பெரிய இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அதில் இருந்த குழந்தைகள் 12 பேர். 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோதும் அப்படி ஒரு தொடர்பு இல்லை.

நிறுவனத்தின் பெயரும் போதாது. இந்த ஊரில் ஆட்டோக்காரர்கள்கூட டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று மரியாதையோடு சொல்லும் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2018-இல் ஒரு அறிவிப்பு வந்தது: தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நுண்பொருள் 236 கெல்வினிலேயே, அதாவது மைனஸ் 37 டிகிரியிலேயே, மின்தடை இல்லாமல் கடத்துகிறது. வழக்கமாக இதற்கு இதைவிடக் கடுமையான குளிர் வேண்டும் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. சில வாரங்களில் அமெரிக்காவிலிருந்து ஓர் இயற்பியலாளர், இரண்டு தனித்தனி அளவீடுகளில், தற்செயலாக வேறுபட வேண்டிய ஏற்ற இறக்க இரைச்சல் ஒரே அச்சாக இருக்கிறதே என்று கேட்டார். அவர் கழகத்தின் பெருமையைப் பார்க்கவில்லை, வரைபடத்தின் புள்ளிகளைப் பார்த்தார். வேலை நடக்க வேண்டிய விதம் அது.

ஆறாம் படி: எதிர்ப்பு வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்

2011-இல் இத்தாலியில் ஓபெரா என்ற ஆய்வுக் குழுவினர், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், எதுவும் முந்த முடியாது என்று கருதப்படும் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வருவதாக அளந்தார்கள். எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்று உலகத்தின் முன் வைத்தார்கள். சில மாதங்களில் ஒரு ஃபைபர் கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரிந்தது. அவர்களே சொன்னார்கள்.

இதோடு வைமானிக சாஸ்திரத்தை ஒப்பிடுங்கள். பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லப்படும் விமான நூல் அது. 1974-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் அதை உட்கார்ந்து முழுமையாக ஆராய்ந்தார்கள். மொழிநடையைப் பார்த்தால் அது பழைய வடமொழி அல்ல. நம் பெங்களூருக்குப் பக்கத்து ஆனேக்கல்லில் வாழ்ந்த ஒருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லச் சொல்ல எழுதியது. படங்களில் உள்ளபடி கட்டினால் எதுவும் பறக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் அதைக் கேலி செய்து ஒதுக்கவில்லை, பறக்குமா என்று நேர்மையாகப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஆனால் 2015-இல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானங்கள் பற்றி மறுபடி கட்டுரை வாசிக்கப்பட்டது, நடுவில் 41 வருடங்கள் போகவே இல்லை என்பதுபோல.

பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976-இல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழுவையே அமைத்தார். அழைப்பை ஏற்றுச் சோதனைக்கு வருகிறார்களா, சாக்குச் சொல்கிறார்களா என்பதே பாதி விடை.

ஏழாம் படி: விசித்திரமாக இருப்பதாலேயே ஒதுக்காதீர்கள்

இது மறுபக்கம். பாட்டி வைத்தியம் என்றாலே பொய் என்று தள்ளுவதும் சோதிக்காமல் முடிவெடுப்பதுதான். சர்ப்பகந்தா வேர் நம் நாட்டில் நெடுங்காலமாக வழக்கில் இருந்த மருந்து. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 50 இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் போனது. அது சிலருக்கு மனச்சோர்வைத் தரும் என்று தெரிந்துகொண்டதும் கவனித்துப் பார்த்ததால்தான். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோதும் பெரும்பாலோர் நம்பவில்லை. ஆதாரம் சேர்ந்தது, சிகிச்சை மாறியது, 2005-இல் நோபல் வந்தது. பழமையோ புதுமையோ, தமிழோ வெளிநாடோ, கேள்வி ஒன்றுதான்.

எட்டாம் படி: வீட்டில் பேசும்போது

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்று நான் ஆரம்பித்திருந்தால், 1,20,000 ரூபாய் அன்றைக்கே போயிருக்கும். பெரியவர்கள் இதை நம்புவது முட்டாள்தனத்தால் அல்ல. பதினோரு வருட மாத்திரை அலுப்பு, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்ற கூச்சம், யாராவது உட்கார்ந்து அரை மணி நேரம் தன் மூட்டுவலியைக் கேட்டார்களே என்ற நன்றி. அந்த விற்பனையாளர் கேட்டார். நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஆகவே முதலில் கேளுங்கள். பிறகு "பொய்" என்று சொல்லாமல் "எப்படிப் பார்க்கலாம்?" என்று சேர்ந்து உட்காருங்கள். சோதனையை அவர்களையே வடிவமைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை டம்ளர் வைக்கச் சொன்னது அத்தைதான் என்பதால், விடையும் அவருடையதாகவே ஆனது. மெஷினை அவரே போன் செய்து எடுத்துப்போகச் சொன்னார்.

தண்ணீர் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. நியாயமான கேள்வி. கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி பிடித்து, அன்றைக்கே ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தோம். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 640 மில்லிகிராம். இந்தியத் தர அளவுப்படி விரும்பத்தக்க எல்லை 500, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மை கொஞ்சம் அதிகம், உலோகங்கள் எல்லைக்குள். ஆனால் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, அந்தக் கம்பிக் கருவியை நாள் முழுக்க இறக்கி வைத்தாலும் தெரியாது. டேங்கர் தண்ணீர் இறங்கும் சம்ப்பின் மூடி ஒரு ஓரமாக உடைந்திருந்தது. சம்ப்பைக் கழுவி, குளோரின் போட்டு, 900 ரூபாயில் மூடியை மாற்றினோம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்த மாதிரியில் கிருமி இல்லை. அந்த அறிக்கையை அத்தை தன் சர்க்கரை நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.